சேறு காய்ந்தால் இயந்திரம் கொதிக்கும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ரவாங் நகரிலிருந்து பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூருக்குச் செல்லும் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் பல உள்ளன. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட ஊர்தான் இன்றைய பெஸ்தாரி ஜெயா. அதன் அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு நாட்டவர் செம்பனையைப் பயிரிட்டார். நம் நாட்டில் வணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்ட முதல் தோட்டம் அதுவே. அன்று முதல் இன்றுவரை இந்த வட்டாரத்துத் தோட்டங்களின் உயிர்நாடியாக விளங்குபவை செம்மண் சாலைகள்.

அறுவடை செய்யப்பட்ட செம்பனைக் குலைகளை ஏறத்தாழ 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் பழத்தில் உள்ள எண்ணெயின் தரம் குறைந்துவிடும். ஆகவே, மழை பெய்தாலும் தோட்ட வேலை நிற்பதில்லை. ஆண்டின் இறுதியில், குறிப்பாக அக்டோபர், நவம்பர் மாதங்களில், இங்கு மாலை நேரங்களில் இடியுடன் கனமழை பெய்கிறது. அப்போது செம்மண் சாலைகள் சேறாகிவிடுகின்றன. சாதாரண மகிழுந்து அங்கே ஓரடிகூட நகராது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் ஆற்றல் செல்லும் வகையில் அமைக்கப்பட்ட வாகனங்களே அத்தகைய பாதையில் செல்ல முடியும். தோட்ட மக்கள் இவற்றைச் சுருக்கமாக ‘ஃபோர் வீல்’ என்பார்கள். தோட்ட மேற்பார்வையாளர் முதல் மின்கம்பிகளைப் பழுதுபார்க்கும் பணியாளர் வரை பலரும் இவ்வகை வாகனங்களை நம்பியே பணியாற்றுகின்றனர்.

இந்த வாகனங்களில் ஒரு வியப்பான பழுது ஏற்படுவதுண்டு. சேற்றுப் பாதையை எந்தச் சிக்கலும் இன்றிக் கடந்து வந்த வாகனம், மறுநாள் நல்ல தார்ச் சாலையில் ஓடும்போது அளவுக்கு மீறிச் சூடாகிறது. முன்புறத்திலிருந்து ஆவி கிளம்புகிறது. கடினமான பாதையில் தாக்குப்பிடித்த இயந்திரம், எளிய பாதையில் ஏன் கொதிக்க வேண்டும்? இதற்கான விடையை அறிய, இயந்திரத்தில் உருவாகும் வெப்பம் எவ்வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வெப்பம் வெளியேறும் வழி

ரவாங்கின் வரலாற்றிலேயே இதற்குப் பொருத்தமான ஓர் உவமை உண்டு. ஒரு காலத்தில் ரவாங் ஈயச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற ஊராக இருந்தது. சுரங்கக் குழியில் ஊறும் நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றினால்தான் அங்கு வேலை செய்ய முடியும். 1894-ஆம் ஆண்டில் லோக் யூ, கே. தம்புசாமிப் பிள்ளை ஆகிய இருவரும் ரவாங்கில் மின்னாக்கி ஒன்றை நிறுவித் தங்கள் சுரங்கத்தின் நீரிறைப்பிகளை மின்சாரத்தால் இயக்கினர். மலாயாவில் மின்சாரம் பயன்படுத்தப்பட்ட வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நீரை இறைப்பது நின்றால் சுரங்கம் மூழ்கிவிடும். அதைப்போலவே, வெப்பத்தை வெளியேற்றுவது நின்றால் இயந்திரம் பாழாகிவிடும்.

வாகனத்தின் இயந்திரம் எரிபொருளை எரித்து ஆற்றலைப் பெறுகிறது. ஆனால், அந்த ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இயக்கமாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைபோக்கி வழியாகச் சூடான புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு இயந்திரத்தின் உலோகச் சுவர்களைச் சூடாக்குகிறது. எரியறைக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். இயந்திரத்தின் பல பாகங்கள் செய்யப்படும் அலுமினியமோ 660 பாகை செல்சியசில் உருகிவிடும். அப்படியிருந்தும் இயந்திரம் உருகாமல் ஓடுகிறது என்றால், வெப்பம் நொடிதோறும் வெளியேற்றப்படுவதே அதற்குக் காரணமாகும்.

இந்தப் பணியைச் செய்வது குளிர்விப்பு அமைப்பு. இயந்திரத்தின் சுவர்களுக்குள் உள்ள வழிகளில் ‘கூலண்ட்’ எனப்படும் குளிர்விப்பு நீர் ஓடுகிறது. அது உலோகத்தின் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. பின்னர், நீரிறைப்பி அதனை வாகனத்தின் முன்புறத்தில் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்களும் அவற்றுக்கிடையே மடிப்பு மடிப்பாகப் பொருத்தப்பட்ட அலுமினியத் தகடுகளும் கொண்ட ஒரு சட்டமாகும். தகடுகளுக்கு இடையே காற்று புகுந்து செல்லும்போது, நீரின் வெப்பம் காற்றுக்குச் செல்கிறது. குளிர்ந்த நீர் மீண்டும் இயந்திரத்திற்குத் திரும்புகிறது.

இந்தச் சுழற்சியில் வேறு மூன்று பாகங்களும் பங்கு பெறுகின்றன. ‘தெர்மோஸ்டாட்’ என்பது ஒரு வாயில் காப்பாளனைப் போன்றது. நீர் ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடான பிறகே அது திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். விசிறி, வாகனம் மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் காற்றை இழுத்துத் தருகிறது. ரேடியேட்டரின் மூடி, உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. சாதாரண நிலையில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அழுத்தம் கூடும்போது கொதிநிலையும் உயர்கிறது. ஆகவே, மூடி இறுக்கமாக இருக்கும்வரை, உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டினாலும் கொதிப்பதில்லை.

இவை அனைத்தும் சரியாக இயங்கினாலும், ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. அதுதான் காற்று. காற்று புகாத ரேடியேட்டர், சன்னல்கள் அனைத்தும் அடைக்கப்பட்ட சமையலறைக்குச் சமம்.

சேறு செய்யும் தடை

சேற்றுப் பாதையில் செல்லும் வாகனத்தின் சக்கரங்கள் சேற்றை நான்கு புறமும் வாரி இறைக்கின்றன. ஆழமான பள்ளத்தில் இறங்கும்போது முன்புறமே சேற்று நீரில் மூழ்குகிறது. அப்போது களிமண், புல், காய்ந்த இலைத் துணுக்குகள், செடிகளின் விதைகள் ஆகியவை ரேடியேட்டரின் தகடுகளுக்குள் புகுந்துகொள்கின்றன. தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது என்பதால், நுழைந்த மண் எளிதில் வெளியே வருவதில்லை.

இதைவிட மறைவான இடம் ஒன்றும் உள்ளது. பெரும்பாலான வாகனங்களில் ரேடியேட்டருக்கு முன்னால் குளிரூட்டியின் ‘கண்டென்சர்’ பொருத்தப்பட்டிருக்கும். அதுவும் தகடுகளால் ஆன ஒரு சட்டமே. இவ்விரண்டுக்கும் இடையே சில விரல் அகல இடைவெளிதான் இருக்கும். சேறு அந்த இடைவெளிக்குள் சென்று தங்கிவிடுகிறது. வாகனத்தைக் கழுவுபவர் முன்புறத்தில் நின்று நீர் பாய்ச்சும்போது, கண்டென்சரின் முகம் பளிச்சென்று தூய்மையாகத் தெரியும். அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டரோ சேற்றுப் போர்வையைப் போர்த்தியபடியே இருக்கும். கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிந்த வாகனம் கொதிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

விசிறியும் பாதிக்கப்படலாம். மின்விசையால் இயங்கும் விசிறியில் சேறு புகுந்து காய்ந்தால், அது சுழலாமல் நின்றுவிடும். ஆழமான நீரில் வேகமாக இறங்கும்போது, சுழன்றுகொண்டிருக்கும் விசிறியின் இதழ்கள் நீரின் எதிர்ப்பால் வளைந்து ரேடியேட்டரையே துளைத்துவிடுவதும் உண்டு. நீரிறைப்பியைச் சுழற்றும் பெல்ட்டில் சேறு ஒட்டினால் அது வழுக்கும்; விரைவில் தேயும். சிலர் ஆழமான நீரைக் கடக்கும் முன் வாகனத்தின் முன்புறத்தைக் கித்தானால் மூடுவர். கரையேறிய பின் அதனை அகற்ற மறந்தால், அதுவும் காற்றைத் தடுக்கும்.

ஏன் மறுநாள்?

கோல சிலாங்கூரின் கிராமப்புறங்களில் எருமைகள் சேற்றில் புரள்வதைக் கண்டவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். எருமை சேற்றைப் பூசிக்கொண்டு உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. இயந்திரத்திற்கு மட்டும் அதே சேறு ஏன் வெப்பத்தைக் கூட்டுகிறது?

எருமையின் உடலைக் குளிர்விப்பது மண் அன்று. மண்ணில் உள்ள நீர். அந்த நீர் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு செல்கிறது. ரேடியேட்டரில் ஒட்டிய சேறும் ஈரமாக இருக்கும்வரை ஓரளவு வெப்பத்தை வெளியேற்றும். ஆனால், இயந்திரத்தின் சூட்டில் அந்த ஈரம் சில மணி நேரத்தில் வற்றிவிடுகிறது. எஞ்சியிருப்பது காய்ந்த களிமண். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. காற்றையும் உள்ளே விடாது. நேற்று ஈரத்துணியாக இருந்தது இன்று கம்பளியாக மாறிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சேற்றுப் பாதையில் வாகனம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்ந்து செல்லும். இயந்திரம் உறுமினாலும், பல வேளைகளில் அது தன் முழு ஆற்றலையும் தொடர்ந்து வெளிப்படுத்துவதில்லை. சேற்றில் சிக்கி, சக்கரங்கள் நெடுநேரம் சுழலும்போதுதான் அங்கேயே கொதிக்கும் நிலை ஏற்படுகிறது. நெடுஞ்சாலையின் நிலை வேறு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதும், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலை போன்ற நீண்ட ஏற்றங்களிலும், இயந்திரம் இடைவிடாமல் மிகுந்த ஆற்றலைத் தர வேண்டியுள்ளது. ஆற்றல் கூடினால் வெப்பமும் கூடும். அந்த வேளையில் வெப்பம் வெளியேறும் வழி பாதி அடைபட்டிருந்தால், வெப்பநிலை சில நிமிடங்களில் உயர்ந்துவிடும்.

நம் நாட்டில் 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ என்னும் போட்டி, மழைக்காலக் காட்டுப் பாதைகளில் நடைபெறுவதற்குப் பெயர்பெற்றது. இத்தகைய போட்டிகளுக்கான வாகனங்கள் சிலவற்றில் ரேடியேட்டர் முன்புறத்தில் இருப்பதில்லை. சேறு எளிதில் எட்டாதபடி, அதனைப் பின்பகுதியில் உயரமாகப் பொருத்திவிடுகின்றனர். சேற்றின் தடை எவ்வளவு பெரியது என்பதற்கு இந்த மாற்றமே சான்றாகும்.

முன்னறிகுறிகள்

இயந்திரம் திடீரென்று கொதிப்பதில்லை. அதற்கு முன் சில அறிகுறிகளைக் காட்டுகிறது. முதலாவதாக, குளிரூட்டியிலிருந்து வரும் காற்றின் குளிர்ச்சி குறையும். கண்டென்சருக்குக் காற்று கிடைக்கவில்லை என்பதையே அது உணர்த்துகிறது. இரண்டாவதாக, வெப்பம் காட்டும் முள் வழக்கமான இடத்தைவிட்டுச் சற்றே உயரும். பல புதிய வாகனங்களில் இந்த முள் சிறு மாற்றங்களைக் காட்டாதபடி அமைக்கப்பட்டிருக்கும். எனவே, முள் அசையத் தொடங்கினாலே நிலைமை முற்றிவிட்டது என்று கருத வேண்டும். மூன்றாவதாக, இனிப்பான ஒரு வாடை வீசலாம். அது கூலண்ட் கசிவதன் அடையாளம்.

உயர்ந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் மகிழ்ச்சியடையக் கூடாது. நீர் முழுவதும் வெளியேறி, வெப்பத்தை அளக்கும் கருவி வெறுமையில் நின்றாலும் முள் இறங்கும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டுவது இயந்திரத்திற்குப் பேராபத்தாகும்.

அளவுக்கு மீறிச் சூடானால் இயந்திரத்தின் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். அதற்குக் கீழே உள்ள ‘கேஸ்கெட்’ எனப்படும் அடைப்புத் தகடு பழுதாகும். பின்னர், எண்ணெயும் நீரும் ஒன்றாகக் கலந்து, பால் கலந்த தேநீரின் நிறத்தில் குழம்பாகிவிடும். ஒரு வாளி நீரில் தீர்ந்திருக்க வேண்டிய சிக்கல், இயந்திரத்தையே பிரித்துச் சீரமைக்கும் செலவாக மாறிவிடுகிறது.

கொதிக்கும்போது செய்ய வேண்டியவை

முள் உயர்வதைக் கண்டவுடன் ஓட்டுநர் குளிரூட்டியை நிறுத்த வேண்டும். வேகத்தைக் குறைத்து, சாலையோரத்தில் பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட வேண்டும். பின்னர், இயந்திரத்தை அணைக்க வேண்டும். ஆவி கிளம்பினால், அது அடங்கும்வரை முன்மூடியைத் திறக்காமல் விலகி நிற்க வேண்டும்.

இவை அனைத்தையும்விட முதன்மையான விதி ஒன்று உண்டு. இயந்திரம் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி இறுக்கமாக இருக்கும்வரை, 100 பாகைக்கு மேல் சூடான நீர் அழுத்தத்தால் அடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்த நொடியே அழுத்தம் மறைகிறது. நீர் உடனே பொங்கிக் கொதித்து, அதன் ஒரு பகுதி ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு 1,600 மடங்குக்கும் மேலாகப் பெருகும். அந்த ஆவியும் கொதிநீரும் திறந்தவரின் முகத்திலும் கைகளிலும் பீறிட்டு அடிக்கும். கண்பார்வையே பறிபோகக்கூடும். ஆகவே, குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருந்து, மூடியைத் தொட்டால் சுடாது என்ற நிலை வந்த பிறகே, தடித்த துணியால் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். சூடான இயந்திரத்தின்மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் விரிசல் விடலாம்.

எவருக்கேனும் தீப்புண் ஏற்பட்டுவிட்டால், அந்த இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் வைத்திருக்க வேண்டும். பற்பசை, எண்ணெய், மாவு போன்றவற்றைப் பூசக் கூடாது. காயம் கடுமையாக இருந்தால் 999 என்ற எண்ணை அழைத்து உதவி பெற வேண்டும்.

கழுவும் முறை

இந்தப் பழுதைத் தடுப்பது கடினமன்று. சேற்றுப் பாதையிலிருந்து திரும்பிய அன்றே, சேறு காய்வதற்கு முன் ரேடியேட்டரைக் கழுவிவிட வேண்டும். இயந்திரம் ஆறும்வரை காத்திருந்து, பிறகு சாதாரண நீர்க்குழாயால் மெதுவாக நீர் பாய்ச்ச வேண்டும். முடிந்தவரை இயந்திரம் இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி நீர் பாய்ச்சுவது நல்லது. சேறு எவ்வழியாக நுழைந்ததோ அவ்வழியாகவே வெளியேறும். முன்புறத்திலிருந்து மட்டும் அடித்தால் மண் இன்னும் ஆழமாகச் செல்லும். வாகனம் கழுவும் நிலையங்களில் உள்ள உயர் அழுத்தக் கருவியை மிக அருகில் பிடித்து அடித்தால், மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று செல்லும் வழியை நிலையாகவே அடைத்துவிடும்.

கீழே வழியும் நீர் தெளிவாகும்வரை கழுவ வேண்டும். அதன் பிறகு ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒருவர் ரேடியேட்டரின் ஒரு புறத்திலிருந்து கைவிளக்கால் ஒளி பாய்ச்ச, மற்றொருவர் மறுபுறத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவித் தெரியும் இடத்தில் காற்றும் செல்லும். இருட்டாகத் தெரியும் இடத்தில், குறிப்பாகக் கீழ்மூலைகளில், சேறு இன்னும் தங்கியிருக்கிறது என்று பொருள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேறு இறுகிவிட்டால், பட்டறையில் அவற்றைப் பிரித்துத்தான் தூய்மை செய்ய வேண்டும்.

கூலண்ட்டின் அளவையும் அப்போதே சரிபார்க்கலாம். கசிந்த கூலண்ட்டைத் தரையில் விட்டுவிடக் கூடாது. அதில் உள்ள எத்திலின் கிளைக்கோல் என்ற வேதிப்பொருள் இனிப்புச் சுவையுடையது; ஆனால், நஞ்சு. நாயும் பூனையும் அதனை நக்கிக் குடித்து இறக்க நேரிடும். சிலாங்கூர் ஆறு பல இலட்சம் மக்களுக்குக் குடிநீர் தருகிறது என்பதால், அதனை வடிகாலில் கொட்டுவதும் தவறாகும்.

முடிவாக, நான்கு சக்கரங்களின் ஆற்றல் வாகனத்தைச் சேற்றிலிருந்து வெளியே கொண்டுவரும். ஆனால், சேறு வாகனத்தைவிட்டு வெளியேறினால்தான் பயணம் முழுமையடையும். இயந்திரத்தில் வெப்பம் உருவாவதை எவராலும் தடுக்க முடியாது. அது வெளியேறும் வழியைத் திறந்து வைப்பதே மனிதரின் பணி. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை என்பார்கள். ஆவி கிளம்பிய பின் வருந்துவதைவிட, திரும்பிய அன்று மாலையே அரை மணி நேரம் செலவிட்டுக் கழுவுவது அறிவுடைமையாகும்.